ஹோர்மோன் கிறீமைத் தெரிவுசெய்ய வேண்டியவர் யார்?

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கான ஹோர்மோன் மருந்துகளின் பொதிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சிடப்பட்டு வந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை அகற்றுவதற்கான நடவடிக்கையை ஆரம்பிப்பதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 நவம்பர் 10ஆம் திகதி அறிவித்தது. கடல் கடந்த நாட்டில் எடுக்கப்பட்ட இத்தீர்மானத்திற்கும் நோர்வூட்டில் கொழுந்து பறிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். எச்சரிக்கை அச்சிடப்பட்டபோதும் அது அப்பெண்ணை எட்டவில்லை, அகற்றப்படும்போதும் எட்டப்போவதில்லை. ஆனால் கையடக்கத் தொலைபேசி எட்டியிருக்கின்றது. அதன் திரையில் தோன்றும் விளம்பரம் வழியாகவும், வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் அனுப்பும் பொதி வழியாகவும் 'ஹோர்மோன் கிறீம்' என்ற பெயரைத் தாங்கிய பொருட்கள் இன்று எந்த ஊருக்கும் வந்து சேர முடியும். அவற்றுள் எது மருந்து, எது வெறும் வாசனைப் பூச்சு, எது தமக்கு ஆகாதது என்பதை எடுத்துச் சொல்வதற்கு அங்கே எவர் இருக்கின்றார் என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வியாகும்.

முதலில் எச்சரிக்கை வந்த கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துவது அவசியமாகின்றது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட 'பெண்கள் சுகாதார முன்முயற்சி' என்ற பாரிய ஆய்வின் ஒரு பகுதி 2002 ஜூலையில் இடைநடுவே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரஜனையும் செயற்கைப் புரோஜெஸ்ட்ரோனையும் சேர்த்து வில்லையாக உட்கொண்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பாரிசவாதம், இரத்தக்கட்டி ஆகியன அதிகரித்தமையே அதற்குக் காரணமாகும். அதிகரிப்பு எவ்வளவு? பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு காலம் அவ்வில்லையை உட்கொண்டால் மேலதிகமாக ஏற்படும் மார்பகப் புற்றுநோய்கள் எட்டு. அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்திருந்தன. ஆய்வில் சேர்க்கப்பட்ட பெண்களின் சராசரி வயதோ 63. மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்த பெண்கள் பலரிடம் பெறப்பட்ட முடிவு, ஐம்பது வயதில் உடற்சூட்டால் உறக்கமின்றித் தவிக்கும் பெண்ணுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. வில்லைக்கு எழுதப்பட்ட எச்சரிக்கை, உடலில் மிகச் சிறிய அளவே ஊறிச் செல்லும் யோனிக் கிறீமின் பொதியிலும் அச்சிடப்பட்டது. 'ஹோர்மோன் என்றால் புற்றுநோய்' என்ற மூன்று சொற்களாக அது சுருங்கியது.

இன்று அந்த ஊசற்குண்டு எதிர்த்திசையில் ஆடத் தொடங்கியுள்ளது. எச்சரிக்கையை நீக்குவதாக அறிவித்த அதே அமெரிக்க நிர்வாகம், ஹோர்மோன் சிகிச்சை இருதய நோயையும் மறதி நோயையும் பெருமளவு தடுக்கும் என்ற தொனியிலும் பேசியது. இந்தக் கூற்றுக்குப் போதிய ஆதாரமில்லை என மருத்துவ நிபுணர்கள் பலர் ஆட்சேபித்தனர். யோனிக் கிறீம்களின் எச்சரிக்கையை நீக்குவது நியாயமானது என்பதில் அவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை. கருப்பையுள்ள பெண் ஈஸ்ட்ரஜனைத் தனியே உடல் முழுவதற்குமாகப் பயன்படுத்தினால் கருப்பைப் புற்றுநோய் ஏற்படலாம் என்ற எச்சரிக்கை மாத்திரம் நீக்கப்படவில்லை என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும். வியாபாரிகள் இந்த இறுதி வரியை விளம்பரத்தில் சேர்க்கப்போவதில்லை.

மலையகத்தில் இப்பருவத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாய்க்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. 'நின்றுவிட்டது' என்ற ஒரு சொல்லோடு விடயம் முடிந்துவிடும். பெண்ணுக்குப் பொதுவாக ஐம்பது வயதை அண்டிச் சூலகங்கள் ஈஸ்ட்ரஜன் சுரப்பதைப் படிப்படியாக நிறுத்துகின்றன. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கொள்ளப்படும். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரும் பின்னரும் திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, உறக்கமின்மை, மூட்டுவலி, படபடப்பு, காரணமற்ற எரிச்சல், மனச்சோர்வு ஆகியன தோன்றலாம். எல்லாப் பெண்களுக்கும் எல்லாம் வருவதில்லை. எதுவுமே இன்றிக் கடந்துவிடுபவர்களும் உளர். ஆகவே ஒவ்வொரு பெண்ணுக்கும் மருந்து வேண்டும் என்று நாம் வாதாட முற்படவில்லை. நாற்பது வயதுக்கு முன்னரே நின்றுவிட்ட பெண்ணின் நிலை மாத்திரம் வேறு. என்பு தேய்வும் இருதய நோயும் அவரை முன்கூட்டியே நெருங்கும் என்பதால், வழமையான வயது வரையேனும் ஹோர்மோன் வழங்குவது அவசியம் என்பதே மருத்துவ நிலைப்பாடு. 'சீக்கிரமாகவே தொல்லை விட்டது' என்று ஆறுதலடைந்து வீட்டிலிருக்கும் பெண்ணே உண்மையில் முதலில் வைத்தியரைக் காண வேண்டியவர்.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டதாலேயே இவையெல்லாம் வந்தன என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. ஏனைய துறைகளைவிடத் தோட்டத்துறையில் அச்சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் அதிகம் என்பதை குடிசன, சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. அது சூல் செல்லும் குழாயை மாத்திரமே அடைக்கின்றது, சூலகத்தைத் தொடுவதில்லை. அதனைச் செய்துகொண்டவருக்கும் மாதவிடாய் அதற்குரிய வயதிலேயே நிற்கும். கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை முற்றிலும் வேறானது. தனக்குச் செய்யப்பட்டது இவற்றுள் எது என்பதைப் பெண் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் எந்த ஹோர்மோனைத் தெரிவுசெய்வது என்பது கருப்பை இருக்கின்றதா இல்லையா என்பதிலேயே தங்கியுள்ளது.

இனி கிறீமுக்கு வருவோம். ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருட்கள் என்பதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யோனிக்குள் இடப்படும் ஈஸ்ட்ரஜன் கிறீம் அவற்றுள் ஒன்று. குழாயும் அதனுடன் ஒரு செலுத்தியும் பொதியில் இருக்கும். வழமையாக முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு இரவுதோறும், அதன்பின் கிழமைக்கு இரண்டு தடவை என வைத்தியர் எழுதிக் கொடுப்பார். வறட்சி, எரிவு, உடலுறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுதல், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு அது பயனளிக்கும். உடற்சூட்டையோ இரவு வியர்வையையோ அது தணிக்காது. வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே நின்றுவிடுவதே அதன் பாதுகாப்புக்கும் காரணம். இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு என்பதால், குறைந்த அளவில் பயன்படுத்தும்போது கருப்பை உள்ளவருக்கும் பொதுவாகப் புரோஜெஸ்ட்ரோன் தேவைப்படுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மாத்திரம் தமது புற்றுநோய் வைத்தியரைக் கேளாமல் இதனையும் தொடலாகாது.

கையிலோ தொடையிலோ பூசப்படும் ஈஸ்ட்ரஜன் ஜெல்லும் தோலில் ஒட்டப்படும் பட்டையும் வேறு வகை. இவை தோல் வழியாக இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கின்றன. உடற்சூட்டைத் தணிப்பவை இவையே. வில்லைகள் ஈரலைக் கடந்து செல்வதால் இரத்தக்கட்டி ஏற்படும் அபாயத்தைக் கூட்டுகின்றன; வழமையான அளவில் தோல் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ரஜனில் அந்த அபாயம் தென்படவில்லை. ஆனால் கருப்பை உள்ள பெண் இதனைத் தனியே பயன்படுத்தக்கூடாது. கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் உண்டாவதைத் தடுப்பதற்குப் புரோஜெஸ்ட்ரோனும் சேர்க்கப்பட வேண்டும். தோட்டக் குடும்பங்களுக்கு விசேடமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, பேரப்பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்ப்பவர் இந்த வயதுப் பெண்ணே. பூசிய ஜெல் காயுமுன்னர் அந்த இடம் பிள்ளையின் உடலில் பட்டால் ஹோர்மோன் பிள்ளைக்கும் செல்லும். ஆகையால் கையைக் கழுவிவிட்டு, பூசிய இடத்தைத் துணியால் மூடிய பின்னரே பிள்ளையைத் தூக்க வேண்டும். லயத்து அறையொன்றில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீட்டுக்கு இந்த அறிவுரை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் எழுதிக் கொடுப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பட்டையோ வேறு வழியோ உகந்ததாக இருக்கலாம்.

எஞ்சியிருப்பவையே அதிகம் விளம்பரப்படுத்தப்படுகின்றன. 'இயற்கை', 'மூலிகை', 'உடலின் ஹோர்மோனை ஒத்தது' என்ற அடைமொழிகளுடன் வரும் புரோஜெஸ்ட்ரோன் கிறீம்களும் காட்டு வள்ளிக்கிழங்குக் கிறீம்களும் இவ்வகையின. வள்ளிக்கிழங்கின் கதை சுவையானது. 1940களில் மெக்சிக்கோவில் ரசல் மார்க்கர் என்ற இரசாயனவியலாளர் காட்டு வள்ளிக்கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பல இரசாயன மாற்றங்களுக்கு உட்படுத்திப் புரோஜெஸ்ட்ரோனைத் தயாரித்தார். கருத்தடை வில்லைகள் மலிவாகக் கிடைப்பதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பு அது. அந்த மாற்றங்கள் நிகழ்ந்தது ஆய்வுகூடக் குடுவையில். மனித உடலுக்கு அக்கிழங்கை ஹோர்மோனாக மாற்றும் ஆற்றல் இல்லை. தோலில் பூசினாலும் இல்லை, அவித்து உண்டாலும் இல்லை. அவித்து உண்பதில் பசியாவது தீரும். புரோஜெஸ்ட்ரோன் கிறீமின் ஆபத்து வேறு விதமானது. ஈஸ்ட்ரஜன் ஜெல்லுடன் அதனையும் பூசிக்கொண்டால் கருப்பைக்குப் பாதுகாப்பு என்று நம்பும் பெண்ணுக்கு, அப்பாதுகாப்புக் கிடைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அளவு கணக்கிட்டுத் தனித்தனியே கலந்து விற்கப்படும் 'உடலை ஒத்த' ஹோர்மோன்கள் குறித்தும், அவற்றின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்று இல்லை என 2020இல் அமெரிக்க தேசிய விஞ்ஞான, பொறியியல், மருத்துவக் கழகங்களின் அறிக்கை குறிப்பிட்டது. முகத்தை வெளுக்கச் செய்யும் பூச்சுகளில் பாதரசமும் ஸ்டீரொய்டும் கலந்திருந்து தோலைப் பாழாக்கிய அனுபவம் நம் நாட்டுப் பெண்களுக்கு ஏற்கனவே உண்டு. முகவரியற்ற குழாய்க்குள் என்ன இருக்கின்றது என்பதை அந்த அனுபவத்தைக் கொண்டே சிந்திக்கலாம்.

எந்தக் கிறீமானாலும் அதற்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின்னர் மீண்டும் இரத்தம் பட்டதா? ஒரு துளியேயாயினும் அது பரிசோதிக்கப்பட வேண்டியது. கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும். கடையில் கிறீம் விற்பவர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. முகநூல் விளம்பரமும் கேட்பதில்லை.

இத்தனை கூறிய பின்னர் நாம் அதிகம் வலியுறுத்த விரும்புவது, மலையகத்தின் தேயிலை மலையில் ஏனைய இடங்களைவிடக் கொடிதாகின்ற உபாதையொன்றை. ஈஸ்ட்ரஜன் குறையும்போது யோனியின் உட்சுவர் மாத்திரமன்றிச் சிறுநீர் வழியும் மெலிந்துவிடுகின்றது. சிறுநீர் அடிக்கடி முட்டும், அடக்குவது கடினமாகும், இருமினாலும் சுமை தூக்கினாலும் கசியும், தொற்று எளிதில் ஏற்படும். உடற்சூடு சில ஆண்டுகளில் தணியலாம். இது தணிவதில்லை, வயதுடன் கூடும். அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு இது ஒரு சங்கடம். காலையில் பெரட்டுக்குச் சென்று, படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூடையை முதுகில் மாட்டி, செங்குத்தான மலையில் ஏறி, பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து நிறுவையைக் கண்ணுக்கு முன் வைத்து நாள் முழுவதும் நிற்கும் பெண்ணுக்கு இது என்னவாக இருக்கும்? பெரும்பாலான கொழுந்து மலைகளில் மலசலகூடம் இல்லை. இருநூறு ஆண்டுகளைத் தொட்டுவிட்ட ஒரு தொழிற்துறையில் இன்றும் இதுவே நிலைமை. ஆகவே பெண்கள் என்ன செய்கின்றார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றார்கள். முட்டும் சிறுநீரை அடக்கிக்கொள்கின்றார்கள். இரண்டுமே தொற்றை வளர்ப்பவை. பின்னர் தோட்டத்து மருந்தகத்திலோ தனியார் டிஸ்பென்சரியிலோ நுண்ணுயிர்கொல்லி வில்லை வாங்கி விழுங்கி, மாதம் கழிந்து மீண்டும் அதே வரிசையில் நிற்கின்றார்கள்.

இச்சங்கிலியை அறுக்கக்கூடிய மருந்து 1993இலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' சஞ்சிகையில் வெளியான ராஸ், ஸ்டாம் ஆகிய இருவரின் ஆய்வில், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளான, மாதவிடாய் நின்ற 93 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஈஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரஜன் கலந்த யோனிக் கிறீமைப் பெற்ற பிரிவில் ஆண்டொன்றுக்கு ஒருவருக்குச் சராசரியாக 0.5 தடவையே தொற்று ஏற்பட்டது. மருந்தில்லாத வெறும் கிறீமைப் பெற்ற பிரிவில் 5.9 தடவை. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான வேறுபாடு அரிதாகவே கிடைக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், சிறுநீர்த் தொற்றுடன் நான்காவது தடவையாக வரும் ஐம்பத்தைந்து வயதுக் கொழுந்துப் பெண்ணிடம் இக்கிறீமைப் பற்றி எத்தனை மருந்தகங்களில் பேசப்படுகின்றது என்பது கேள்விக்குறியே.

பிரித்தானியாவில் நிலைமை எவ்வாறு நகர்ந்தது என்பதை ஒப்புநோக்கலாம். அங்கு 2022 செப்டெம்பர் முதல், மாதவிடாய் நின்ற ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் கொண்ட யோனி வில்லையை வைத்தியரின் துண்டின்றி மருந்தாளரிடம் பேசிப் பெற்றுக்கொள்ள முடிகின்றது. அவ்வாண்டு ஏப்ரலில் ஹோர்மோன் ஜெல்லுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பாராளுமன்றத்தில் குரல் எழுந்தது. விநியோகத்தைச் சீர்செய்யத் தனியாக ஒருவரை அரசாங்கம் நியமித்தது. அதே ஏப்ரலில்தான் இலங்கை கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. உயிர்காக்கும் மருந்துகளே வைத்தியசாலைகளில் தீர்ந்துகொண்டிருந்தன. அந்த நாட்களில் ஐம்பது வயதுப் பெண்ணின் உறக்கமின்மையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும். இன்று அந்தச் சாக்கு இல்லை.

நோர்வூட்டை அண்டி வசதிகளே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத்துக்கு வந்தபோது, இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் நிர்மாணிக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையைத் திறந்துவைத்துவிட்டு, நோர்வூட் மைதானத்தில் திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் உரையாற்றினார். கட்டடம் இருக்கின்றது. நோர்வூட் சந்தியிலிருந்து பஸ்ஸும் இருக்கின்றது. ஆனால் கிளினிக்குக்குச் செல்லும் நாளில் பேர் விழாது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தி, அதனுடன் 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகையும் சேர்த்து 1,750 ரூபாவாக்குவதாக 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க உயர்வே. எனினும் வேலைக்கு வந்த நாளுக்கு ஊக்குவிப்பு என்றால், வைத்தியசாலைக்குச் சென்ற நாளின் இழப்பும் அதனோடு சேர்ந்து உயர்கின்றது. இலவச வைத்தியத்தின் விலை இதுதான். காய்ச்சலுக்கும் கை முறிவுக்கும் அவ்விலையைச் செலுத்தும் பெண், 'உடம்பு திடீரெனச் சுடுகின்றது' என்பதற்காகச் செலுத்தமாட்டார்.

செலுத்திச் சென்றாலும் அங்கு யாரிடம் சொல்வது? நெரிசலான வெளிநோயாளர் பிரிவில், பின்னால் பத்துப் பேர் காத்து நிற்க, தமிழ் தெரியாத ஆண் வைத்தியர் ஒருவரிடம், கூட வந்த மகன் மொழிபெயர்க்க, யோனி வறட்சியைப் பற்றிப் பேசும்படி ஒரு தாயிடம் எதிர்பார்ப்பது நடக்கக்கூடிய காரியமல்ல. அவர் 'மூட்டு வலி' என்று சொல்லி, வலி வில்லையை வாங்கிக்கொண்டு திரும்புவார். வைத்தியரைக் குறைகூறவும் இயலாது. சொல்லப்படாத நோய்க்கு அவர் மருந்தெழுத முடியாது.

இங்குதான் ஏற்கனவே உள்ள ஓர் ஏற்பாட்டை நாம் நினைவூட்ட விரும்புகின்றோம். 1994ஆம் ஆண்டு கெய்ரோ சனத்தொகை மாநாட்டின் பின்னர், குடும்ப சுகாதாரப் பணியகம் 1996இல் சுகவனிதையர் கிளினிக்குகளை ஆரம்பித்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களின் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன அங்கு இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. தேடி அழைக்கப்படும் இலக்கு வயதுகளாக 35உம் 45உம் வகுக்கப்பட்டுள்ளன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறிவதற்கு அவ்வயதுகள் பொருத்தமானவை. ஆனால் மாதவிடாய் நிற்கும் வயது அதற்கு அப்பாலேயே தொடங்குகின்றது. தோட்டத்துறைச் சுகாதாரத்தின் நீண்டகாலப் பார்வையும் இதனுடன் ஒத்துப்போகின்றது. கர்ப்பம், பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்பனவற்றில் காட்டப்பட்ட அக்கறை பெரும் பயன்களைத் தந்தது. பிரசவ மரணம் வெகுவாகக் குறைந்தது. கடைசிப் பிள்ளை பிறந்த பின்னர் அப்பெண்ணின் பெயர் மருத்துவமாதுவின் பதிவேட்டிலிருந்து மெதுவாக நழுவிவிடுகின்றது. கொழுந்துக் கணக்கில் மாத்திரம் அது தொடர்ந்து இருக்கும்.

ஆகவே புதிய திட்டமொன்றைத் தீட்டிப் புதிய பெயர்ப்பலகை மாட்டும்படி நாம் கோரவில்லை. சுகவனிதையர் கிளினிக்கின் இலக்கு வயதில் ஐம்பதையும் சேர்த்தால் போதும். அங்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இரண்டு கேள்விகளை மருத்துவமாதுவே கேட்கலாம்: உறக்கம் எப்படி, சிறுநீர் எப்படி. பதில் கிடைத்தவுடன் வைத்தியரிடம் அனுப்பலாம். யோனி ஈஸ்ட்ரஜன் கிறீம் ஆதார வைத்தியசாலை மட்டத்திலேனும் தடையின்றிக் கிடைப்பதைச் சுகாதார அமைச்சு உறுதிப்படுத்த வேண்டும். அது விலையுயர்ந்த புதுமருந்தல்ல. பல பத்தாண்டுகளாகப் பாவனையிலுள்ள பழைய மருந்து. உடற்சூட்டுக்கென 2023இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பெசோலினெட்டன்ட் போன்ற ஹோர்மோனற்ற புதிய வில்லைகளை இப்போது நோர்வூட்டுக்குக் கொண்டுவரும்படி எவரும் கேட்கவில்லை.

'எங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் இதையெல்லாம் பேசாமலேயே வாழ்ந்து முடித்தார்கள்' என்ற வாதம் எழும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. இயல்பான ஒரு பருவத்தை நோயாக்கி விற்கும் வணிகம் உலகெங்கும் நடைபெறுகின்றது. 2002இன் அதிர்ச்சிக்கே, அதற்கு முன்னர் மேற்குலகில் 'என்றும் இளமை' என்று கூறி ஈஸ்ட்ரஜனை வரைமுறையின்றி விற்றமை ஒரு காரணமாகும். ஆனால் பாட்டிமார் பேசாதிருந்தது துன்பம் இல்லாததால் அல்ல, கேட்பாரில்லாததால். அத்துடன் வாழ்நாள் நீண்டுள்ளது. மாதவிடாய் நின்ற பின்னர் இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழப்போகும் பெண்கள் இவர்கள். ஓய்வு பெற்ற பின்னரும் கைக்காசுக்கு மலையேறுவோர் இவர்களிடையே உண்டு. அந்தக் கால் நூற்றாண்டு முழுவதும் ஈரத்துணியுடனும் எரிவுடனும் கழிய வேண்டும் என்பது எந்த இயற்கை விதியும் அல்ல.

தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட அச்சபை, 2023இல் வெளியான தரமற்ற இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்துக்குப் பின்னர் இழந்த நம்பிக்கையை இன்னும் முழுமையாக மீட்டெடுக்கவில்லை என்பதே எமது கருத்து. ஹோர்மோன் எனச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் கிறீம்களில் பதிவு செய்யப்பட்டவை எவை என்ற பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்துவது, அந்த மீட்சிக்கு ஒரு சிறிய தொடக்கமாக அமையலாம்.

தொழிற்சங்கங்களிடமும் கேட்க வேண்டியுள்ளது. 2021இல் கூட்டு ஒப்பந்த முறை கைவிடப்பட்ட பின்னர் பேச்சுவார்த்தை என்பது நாட்சம்பளத் தொகை ஒன்றைப் பற்றியதாகவே சுருங்கிவிட்டது. சந்தாப் பணத்தில் பெரும்பகுதியைச் செலுத்துபவர்கள் கொழுந்துப் பெண்கள். மேடையில் அமர்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சம்பளத்துடன் கூடிய கிளினிக் நாள் ஆண்டுக்கு இரண்டு, கொழுந்து மலைக்கு மலசலகூடம், கை கழுவத் தண்ணீர் என்ற மூன்றும் எந்தக் கம்பனியையும் நட்டத்தில் தள்ளிவிடாது. உலகச் சந்தையில் நற்சான்றிதழ் முத்திரையுடன் தேயிலையை விற்கும் கம்பனிகள், பறிப்பவர் சிறுநீர் கழிக்கும் இடத்தைத் தாமாகவே அமைத்திருக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இது இடம்பெறுகின்றதா என்பதை நாம் கவனித்துக்கொண்டிருப்போம்.

கிறீம் குழாயின் பொதியில் உள்ள தாள் ஆங்கிலத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும். எவ்வளவு எடுப்பது, செலுத்தியை எவ்வாறு இடுவது, எப்படிக் கழுவி வைப்பது, எந்தக் கிழமைகளில் பயன்படுத்துவது, எது நேர்ந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் வருவது என்பவற்றைப் படங்களுடன் தமிழில் விளக்க ஒரு பக்கம் போதும். அப்பக்கத்தை அச்சிட்டு நுவரெலியா மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு அனுப்புவதற்கு அமைச்சரவைப் பத்திரம் எதுவும் தேவைப்படாது.